போர்ட்டிக்சன் கோர்ஸ்

பகாவ்
2 ஜூன் 2024

அக்காவுக்கு,

நேற்று வார்டு வாசலில் நாலு பேர் பார்க்க என்னை வெளியே போகச் சொன்னாய். போய்விட்டேன். வீட்டுக்கு வந்து போன் போட்டால் மணியே போகவில்லை. என் நம்பரைத் தடுத்துவிட்டாய் என்று ரோகினி சொன்னாள். கூடப் பிறந்தவனுக்கு இதுதான் மரியாதை! அதனால்தான் தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு முதல் தடவையாகப் பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். ரோகினி கையில்தான் கொடுத்து விடுகிறேன். அவளையாவது உள்ளே விடு. குணாளனுக்குப் பரிசம் போட்ட பெண் அவள். என் மகளாகப் பிறந்ததற்காக அவளிடம் முகத்தைக் காட்டாதே.

நீ கத்தியது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. “ஊசியக் குத்தி என் பிள்ளையப் படுக்க வச்சிட்டியேடா!” என்றாய். அக்கா, அலகு குத்துவது எனக்குப் புதுசா? ரந்தாவ், தம்பின், பகாவ் என்று எந்தத் தோட்டத்தில் திருவிழா நடந்தாலும் “திருச்செல்வம் அண்ணனக் கூப்பிடு” என்கிறார்கள். ஏன் கூப்பிடுகிறார்கள்? என் கையால் ஒருத்தருக்கும் சீழ் பிடித்ததில்லை. குத்துகிற வேலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கையுறை மாட்டிக்கொண்டுதான் பிள்ளைகளின் வாய்க்குப் பக்கத்தில் போவேன். குணாவுக்கு இன்னும் ஒரு மடங்கு கூடுதலாகவே பார்த்தேன். நான் அவனுக்குத் தாய்மாமன் இல்லையா?

அந்த வேண்டுதல் யாருடையது, என்னுடையதா? நாலு வயசில் அவன் உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி நீலம் பூத்துக் கிடந்தது. கோலாலம்பூரில் நெஞ்சைத் திறந்து இதயத்து ஓட்டையை அடைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையிலடித்துக்கொண்டு, “தாயே, பிள்ளையக் கொடுத்துடு, வளர்ந்ததும் உன் சந்நிதியில நாக்கு அலகு போட வைக்கிறேன்” என்று அழுதது நீ. பக்கத்தில் நின்றது நான். இப்போது அவனுக்கு இருபத்தைந்து வயசு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மனுக்குச் சொன்னதை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தது தப்பா?

கோபம் இருந்தால் திட்டி எழுது. ஆனால் அவனுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுது. ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்க விடு.

உன் தம்பி
திருச்செல்வம்


கோலாலம்பூர், வார்டிலிருந்து
4 ஜூன் 2024

திருச்செல்வம்,

உன் மகள் வந்தாள். உள்ளே விட்டேன். உனக்காக இல்லை.

எப்படி இருக்கிறான் என்று கேட்டாயே, கேட்டுக்கொள். திருவிழா முடிந்து பதினைந்து நாள் போயிருக்கும், சாயங்காலமானால் காய்ச்சல். ரந்தாவ் கிளினிக்கில் டெங்கியாக இருக்கலாம் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கி இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டப் போனான். ராத்திரி வியர்த்த வியர்வையில் பாயைப் பிழியலாம். சோறு இறங்கவில்லை. கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகுதான் சிரம்பானுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்த அன்றே ஆம்புலன்ஸில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். இதயத்துக்குள்ளே கிருமி உட்கார்ந்திருக்கிறது. ஆறு வாரம் கையில் ஊசியோடு மருந்து ஏற்ற வேண்டும். அப்படியும் போகுமா என்று தெரியாது என்கிறார்கள்.

இந்த லட்சணத்தில் நீ எனக்குக் கொதிக்கிற தண்ணீரைப் பற்றியும் ஸ்பிரிட்டைப் பற்றியும் எழுதுகிறாய். உன் பெருமையை நீயே கட்டிக்கொண்டு அழு.

வேண்டுதல் என்னுடையதுதான். அதை மாற்றினதும் நான்தான். பால்குடம் எடுக்கிறேன் என்று சொல்லித்தான் அவன் காப்புக் கட்டினான். அன்று நான் அன்னதானக் கொட்டகையில் சாம்பார் அண்டாவோடு போராடிக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் பால்குடம் கீழே இருக்கிறது, அவன் நாக்கில் வேல் நிற்கிறது. யாரைக் கேட்டுக் குத்தினாய்? அந்த உடம்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

இங்கே வராதே.

நீலாவதி


பகாவ்
9 ஜூன் 2024

அக்கா,

உடம்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதுதான். எப்படித் தெரியும்? நீ சொன்னாயா?

ரோகினி நேற்று வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று தெரிந்து டாக்டர் அவளுக்குக் காகிதத்தில் இதயம் வரைந்து விளக்கினாராம். சின்ன வயசில் ஓட்டை மட்டும் இல்லையாம், நுரையீரலுக்குப் போகிற வழியும் குறுகலாக இருந்தது, அதை வெட்டி அகலமாக்கினார்கள், அன்றைக்கு உயிர் பிழைத்தான். ஆனால் அந்த இடத்தில் மூடித் திறக்க ஒழுங்காக ஒன்றும் இல்லாததால், போன ரத்தம் திரும்பித் திரும்பி வந்து, இத்தனை வருசத்தில் இதயம் வீங்கிப்போனது. இரண்டு வருசத்துக்கு முன்னால் தொடையில் ஒரு துளை போட்டு, ரத்தக் குழாய்க்குள் நீளமான குழாயை விட்டு, மாட்டுச் சவ்வில் செய்த வால்வைச் சுருட்டி இதயம் வரைக்கும் கொண்டுபோய் அங்கே விரித்து வைத்தார்கள்.

போர்ட்டிக்சனில் கம்பெனி கோர்ஸ் என்றாயே அக்கா! லாரி ஓட்டுகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி, கடற்கரையில் தங்க வைக்கிறார்கள், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு என்று என்ன அழகாகச் சொன்னாய்! பயணப்பை வாங்கிக் கொடுத்ததே நான்தான். திரும்பி வந்தவனிடம், “கடல்ல குளிச்சியாடா?” என்று கேட்டேன். “குளிச்சேன் மாமா, தண்ணி சூடா இருந்துச்சு லா” என்று சிரித்தான். பாவி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்துவிட்டு வந்து சொல்கிற பேச்சா அது!

அலகு போடுகிறவன் சட்டையில்லாமல்தான் நிற்பான். அவன் நெஞ்சில் சந்தனம் பூசியது இந்தக் கைதான். நாலு வயசில் கிழித்த பழைய கோடு மட்டும்தான் அங்கே இருந்தது. புதுசாக ஒரு கீறல் இருந்திருந்தால் என் கண் பார்த்திருக்கும். தொடையில் துளை போட்டதை வேட்டிக்கு மேலே நான் எப்படிப் பார்ப்பேன்?

நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். பால்குடத்தோடு வரிசையில் நின்றவனை நான்தான் நிறுத்தினேன். “என்னடா, ஆம்பளப் பிள்ள பாலத் தூக்கிட்டு நிக்கிற? ரோகினி பாக்குறா. உங்கம்மா வேண்டிக்கிட்டது நாக்கு அலகு லா” என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் நாக்கை நீட்டினான். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. அருள் இறங்கிவிட்டது என்று உறுமியை வேகமாக அடிக்கச் சொன்னேன்.

அது அருளா, பயமா? எனக்குத் தெரிய வேண்டும்.

செல்வம்


கோலாலம்பூர்
13 ஜூன் 2024

செல்வம்,

ஆமாம், மறைத்தேன். தோட்டம் முழுக்கத் தமுக்கடித்துச் சொல்லிக்கொள்.

தம்பின் கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உன் பெண்டாட்டி வள்ளியம்மா என்ன சொன்னாள் என்று ஞாபகம் இருக்கிறதா? “நெஞ்சைக் கிழிச்ச பிள்ளைக்குக் கட்டிவச்சு, என் மக நாளைக்குத் தாலியறுக்கவா?” என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள். அவளை நீ கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்துப் பெண் தர்றேன் என்று வந்த அதே மாதம்தான் டாக்டர் கூப்பிட்டு வால்வு வைக்க வேண்டும் என்றார். நான் என்ன செய்வேன்? அவன் அப்பா போன பிறகு அவனுக்கென்று நடந்த ஒரே நல்ல காரியம் அது. ரோகினி பேரைச் சொன்னால் அவன் முகம் எப்படிப் போகும் என்று உனக்கும் தெரியும். வெட்டு இல்லை, தையல் இல்லை, மூன்றாம் நாள் நடக்கலாம் என்றார்கள். ஊர் அறியாமல் முடித்துவிடலாம் என்று அம்மனே வழி காட்டியதாக நினைத்தேன்.

டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. பல் பிடுங்கப் போனால் முதலில் மருந்து சாப்பிட வேண்டும், பச்சை குத்தக் கூடாது, உடம்பில் எங்கேயும் துளை போடக் கூடாது என்று எனக்கும் அவனுக்கும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னார். அதனால்தான் பால்குடத்துக்கு மாற்றினேன். அம்மன் கோபிக்க மாட்டாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். நீ ஒருத்தன் இருப்பதை மறந்துபோனேன்.

ஊசியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அத்தை என்று மலாயில் கூப்பிட்டு, “மக்சிக், ஊசி எவ்வளவு சுத்தமா இருந்தாலும் வரும். அந்தக் கிருமி அவர் வாயிலேயே இருக்கிறது” என்றார் டாக்டர். எல்லார் வாயிலும் இருக்குமாம். குத்தும்போது ரத்தத்தில் இறங்கும், உனக்கும் எனக்கும் தானாகவே செத்துப்போகும். இவனுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. ஆகவே உன் கை சுத்தம். சந்தோசமா?

அவன் நாக்கில் வேலைப் பார்த்ததும் நான் ஏன் கத்தவில்லை என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பக்கத்தில் வள்ளியம்மா நின்றாள். கையிலிருந்த கரண்டியை இடுக்கிக்கொண்டு நானும் எல்லாரையும் போலக் கும்பிட்டேன்.

முந்தாநாள் அவனிடம் கேட்டேன். “ஏண்டா நாக்க நீட்டுன? முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றேன். “முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்கம்மா. நீங்கதான சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

பயம்தான் செல்வம். அருள் இல்லை.

நீலாவதி


பகாவ்
19 ஜூன் 2024

அக்கா,

உன் கடிதத்தை வள்ளியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

சொல்லியிருந்தால் பரிசம் நின்றிருக்கும். அது உண்மை. அவள் நிறுத்தியிருப்பாள், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

வேல் பெட்டியைக் கோயில் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். ஆடி மாதத் திருவிழாவுக்கு லிங்கியிலிருந்து ஆள் வந்தார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இங்கே ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பையன் விரதத்தில் கறி தின்றுவிட்டான், அம்மன் பிடித்துவிட்டாள் என்கிறான் ஒருவன். திருச்செல்வம் கை ராசி கெட்டுவிட்டது என்கிறான் இன்னொருவன். பேசட்டும்.

இருமினால் ரத்தம் வருகிறது என்று ரோகினி சொன்னாள். வால்வில் கட்டி கட்டியாகக் கிருமி வளர்ந்து, அதிலிருந்து உடைந்து நுரையீரலுக்குப் போகிறதாம். சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் சத்தத்தில் அழுதால் எங்களுக்குக் கேட்காது என்று நினைக்கிறாள்.

எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரு தடவை அவன் பக்கத்தில் நிற்க விடு. பேச மாட்டேன், அழ மாட்டேன்.

செல்வம்


கோலாலம்பூர்
24 ஜூன் 2024

செல்வம்,

வியாழக்கிழமை ஆபரேசன். மருந்து இனிப் பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சை மறுபடியும் திறந்து அந்த வால்வை எடுத்தாக வேண்டும். தொடை வழியாக வைத்ததைத் தொடை வழியாகவே எடுக்க முடியாதா என்று கேட்டேன். வைக்கத்தான் முடியுமாம், எடுக்க முடியாதாம். பழைய தழும்புக்கு உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும், உடம்பிலும் தெம்பு இல்லை என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிழைப்பானா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நீ புதன்கிழமை வா. மத்தியானத்துக்கு மேல் விடுவார்கள். வள்ளியம்மா வருவதானால் வரட்டும்.

நேற்று குணா உன்னைக் கேட்டான். “மாமா கோவமா இருக்காராம்மா? கடல்ல குளிச்சேன்னு பொய் சொல்லிட்டேன்” என்றான். திட்ட மாட்டார், நீ தூங்கு என்றேன். எனக்காகவாவது திட்டாதே. கடலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பேசு. குணமானதும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, அவனுக்கு அது பிடிக்கும்.

அவன் பயணப்பையை எடுத்து வா. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு விமலாவிடம் இருக்கிறது. இங்கே துணிமணியைப் பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா


பகாவ்
6 அக்டோபர் 2024

அக்கா,

குணா போய் மூன்று மாதம் ஓடிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நான் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. தாய்மாமன் கோடியை என் கையிலிருந்து வாங்கி நீயே அவன் மேல் போர்த்தினாய். தூக்கி எறிந்துவிடுவாயோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அதற்கே நான் உன் காலில் விழ வேண்டும்.

இந்தக் கடிதத்தை ரோகினியிடம் கொடுக்கவில்லை, தபாலில் போடுகிறேன். அவளைப் பற்றியதுதான்.

தம்பினிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. பையன் மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறான், குடி கிடையாது, நல்ல குடும்பம். இவ்வளவு சீக்கிரமா என்று நீ கேட்பாய். எனக்கும் வாயில் வரவில்லைதான். ஆனால் வள்ளியம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பரிசம் போட்ட மாப்பிள்ளை செத்துப்போனான் என்றால் அவன் உடம்பை யாரும் பேச மாட்டார்கள், பெண்ணின் ராசியைத்தான் பேசுவார்கள். இருபத்து மூன்று வயசுப் பிள்ளை அக்கா, அவள் வாழ வேண்டாமா?

சொந்தத்துக்குள் பேச்சு மட்டும் நடந்தது, தட்டு மாற்றவில்லை என்று வள்ளியம்மா அவர்களிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் ரந்தாவ் வந்து உன்னிடமும் விசாரிப்பார்கள். நீயும் அதையே சொல்லிவிடு. பரிசத்துக்கு எடுத்த படங்களை எல்லாம் போனிலிருந்து அழித்துவிட்டோம். உன்னிடம் இருந்தால் நீயும் அழித்துவிடு.

ரோகினியிடமும் பக்குவமாகச் சொல்லிவைத்திருக்கிறோம். யாராவது கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்றேன். “சரிப்பா” என்றாள். நல்ல பிள்ளை.

எனக்காக இல்லை, அவளுக்காகச் செய்.

உன் தம்பி
செல்வம்


ரந்தாவ்
11 அக்டோபர் 2024

தம்பி செல்வத்துக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தம்பின் ஆட்கள் நேற்று வந்தார்கள். அம்மாவும் பெரியப்பாவும். மரியாதையான மனிதர்கள்தான். டீ போட்டுக் கொடுத்தேன்.

கேட்டார்கள். பரிசம் போட்டோம் என்று சொன்னேன். தை மாதம், எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், ஊரைக் கூட்டி, பச்சைச் சேலை வைத்துத் தட்டு மாற்றினோம் என்று சொன்னேன். சுவரில் மாட்டியிருக்கும் படத்தையும் காட்டினேன். என் மகன் படுக்கையில் கிடந்தபோது ரோகினி தினமும் காலையில் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவன் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிட்டாள், அந்த மாதிரிப் பெண் உங்களுக்குக் கிடைத்தால் கொடுத்து வைத்தவர்கள் என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். வாசல் வரைக்கும் போய் அனுப்பி வைத்தேன்.

வள்ளியம்மா என்னைச் சபிப்பாள், எனக்குத் தெரியும். என் மகன் போனதால் அவள் மகளையும் வாழ விடவில்லை என்பாள். சொல்லட்டும். உண்மையைக் கேட்டுவிட்டுக் கட்டுகிறவன் ஒருவன் வருவான். வராவிட்டால் வராமல் போகட்டும். கேட்காமல் கட்டிக்கொண்டு போய், நாளைக்குத் தெரிந்தால், அந்த வீட்டில் யார் வாயில் அவள் விழுவாள் என்று யோசித்தாயா?

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. “சரிப்பா என்றாள், நல்ல பிள்ளை” என்று எழுதியிருக்கிறாய். செல்வம், குணாவும் அப்படித்தான். போர்ட்டிக்சன் என்று சொல்லிவிடு, யாரிடமும் மூச்சு விடாதே என்று இந்த வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டுதான் நான் சொன்னேன். “சரிம்மா” என்றான். நானும் நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

வாயைத் திறக்காதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லியாயிற்று. இன்னொரு பிள்ளைக்குச் சொல்ல மாட்டேன்.

அக்கா
நீலாவதி